உறக்கத்துக்கு முன் எந்தப் பானம்? ஆயுர்வேதம் காட்டும் தெரிவுகள், ஓர் ஒப்பீடு

மாலைக் காப்பியை விட்டுவிட்டு, மனத்தை அமைதிப்படுத்தி உறக்கத்துக்கு வழிவிடும் ஏதேனும் ஒரு பானத்துக்கு மாற நினைப்பவருக்கு இன்று தெரிவுகளுக்குப் பஞ்சமில்லை. மஞ்சள் பால், அமுக்கராப் பால், ஜாதிக்காய்ப் பால், கசகசாப் பால், சடாமாஞ்சில் ஊறல், சீரகத் தண்ணீர் என ஒவ்வொன்றும் ஆயுர்வேதத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே வருகிறது. ஆனால் இவற்றுள் சில, உறக்கத்துக்கென்றே நூல்களில் சொல்லப்பட்டவை. சில, வேறு நோய்களுக்குச் சொல்லப்பட்டுப் பிற்காலத்தில் உறக்கத்தின் பெயரால் விற்கப்படுபவை. ஓரிரண்டு, வைத்தியரின் பொறுப்பில் மட்டுமே இருக்க வேண்டியவை. ஆகவே எந்தப் பானம் உயர்ந்தது என்று கேட்பதற்கு முன், யாருக்கு எந்தக் காரணத்தால் உறக்கம் கெட்டது என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் தெரிவு பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கேள்வி பழைய நூல்களிலேயே இருக்கிறது. சுசுருத சம்ஹிதையின் சரீர ஸ்தானம், நான்காம் அத்தியாயத்தில், உறக்கம் கெடுவதற்கு ஐந்து காரணங்களைக் கூறுகிறது: வாதம், பித்தம், மனத்தாபம், உடலின் தாதுக்கள் (இரத்தம், தசை முதலிய உடற்கூறுகள்) தேய்ந்துபோதல், அடிபடுதல். கபம் இந்தப் பட்டியலில் இல்லை. அது உறக்கத்தை மிகுவிப்பது. வைத்தியர்கள் இதை நோயாளியிடம் எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்றால், படுத்த பிறகு எண்ணங்கள் ஓடிக்கொண்டே இருக்க நெடுநேரம் புரள்பவரிடம், அதுவும் வறண்ட தோலும் மலச்சிக்கலும் கால் உளைச்சலும் சேர்ந்திருந்தால், வாதத்தைப் பார்க்கிறார்கள். எளிதில் உறங்கிவிட்டு நள்ளிரவுக்கு மேல் உடல் சூட்டோடும் நாவறட்சியோடும் விழித்துக்கொள்பவரிடம் பித்தத்தைப் பார்க்கிறார்கள். நோயிலிருந்து எழுந்தவர், மெலிந்தவர், வயது முதிர்ந்தவர் ஆகியோர் தாதுத் தேய்வின் கீழ் வருவர். இவர்களோடு இன்னொருவரையும் நான் சேர்த்துக்கொள்கிறேன். இரவு ஒன்பதரை மணிக்கு வயிறு நிறைய உண்டுவிட்டு, அந்தப் பாரத்தோடு படுத்துப் புரள்கிற நகரவாசி அவர். அவருக்கு வேண்டியது உறக்க மருந்தே அல்ல, ஆனாலும் மேலே சொன்ன பானங்களை அதிகமாக வாங்குபவர்களில் அவரும் ஒருவர்.

பானத்துக்குச் சிகிச்சையில் எவ்வளவு இடம் உண்டு என்பதையும் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. உணவு, உறக்கம், பிரமசரியம் மூன்றையும் உடலைத் தாங்கும் துணைத் தூண்கள் என்று வைத்த சரக சம்ஹிதை, உறக்கம் கெட்டவருக்குச் சூத்திர ஸ்தானத்தின் 21-ஆம் அத்தியாயத்தில் ஒரு நீண்ட பட்டியலைத் தருகிறது. எண்ணெய் தேய்த்தல், உடம்பைப் பிடித்துவிடுதல், குளியல், மாமிச ரசம், தயிரோடு சாலி அரிசிச் சோறு, பால், நெய், மது, மனத்துக்கு இன்பம் தருபவை, நறுமணம், இனிய ஒலி, தலைக்கும் முகத்துக்கும் இடும் பூச்சு, நல்ல படுக்கை, பழகிய நேரம் என்று அது விரிகிறது. இத்தனைக்கும் நடுவில் பானம் ஓர் உறுப்பு மட்டுமே. பழகிய நேரத்தில் படுக்காதவர், கைப்பேசியை மார்மேல் வைத்துக்கொண்டு படுப்பவர், எந்தப் பானத்திடமும் முழுப் பலனை எதிர்பார்க்க இயலாது. காப்பியை நிறுத்துவதற்கும் இதில் தனிப் பங்குண்டு. காபின் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது; மாலை 6 மணிக் காப்பியின் பாதி இரவு 11 மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். மாலைப் பானத்தை மாற்றியவுடன் உறக்கம் சீராகிவிட்டது என்று சொல்பவர்களில் பலருக்கு, குடித்ததைவிடக் குடிக்காமல் விட்டதே உதவியிருக்கக்கூடும்.

இனிப் பானங்களுக்கு வருவோம். நூல்களின் சொல்லை மட்டும் அளவுகோலாக வைத்தால் முதலிடம் ஐயத்துக்கு இடமின்றிப் பாலுக்கே உரியது, அதிலும் எருமைப் பாலுக்கு. சரகரின் சூத்திர ஸ்தானம் 25-ஆம் அத்தியாயம், ஒவ்வொரு வேலைக்கும் எது தலைசிறந்தது என்று வரிசையாகச் சொல்லிச் செல்கிறது. அதில் உறக்கத்தை உண்டாக்குபவற்றுள் எருமைப் பாலே சிறந்தது என்று வருகிறது. இரண்டு அத்தியாயம் தள்ளி, எருமைப் பால் பசும்பாலைவிடக் கனமானது, குளிர்ச்சி மிக்கது, கொழுப்பு நிறைந்தது, உறக்கமற்றவருக்கும் சீரண அக்கினி மிகுந்தவருக்கும் ஏற்றது என்று காரணத்தோடு விளக்கம் வருகிறது. வாக்படரும் அஷ்டாங்க ஹிருதயத்தில், உறக்கம் குறைந்தவர் பழக வேண்டியவற்றைச் சொல்லும்போது பாலைத்தான் முதலில் எடுக்கிறார். உறக்கப் பானம் என்றதும் மூலிகைப் பொடிகளையே நினைக்கப் பழகிவிட்ட நாம், எந்தப் பொடியும் சேராத இந்தப் பாலைக் கவனிக்காமல் விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஆனால் அந்த வரியில் உள்ள நிபந்தனையைத் தவறவிடக் கூடாது. சீரண அக்கினி மிகுந்தவருக்கு என்று நூலே சொல்கிறது. எருமைப் பாலில் கொழுப்பு ஏறத்தாழ 6 முதல் 8 சதவீதம் வரை இருக்கும். பசும்பாலில் அது பெரும்பாலும் நான்கை ஒட்டியே இருக்கும். நன்றாகப் பசியெடுத்து, ஏழு மணிக்கு அளவாக உண்டு, உடலால் உழைத்த ஒருவருக்கு இந்தக் கனம் நன்மை. மந்த வயிறு உள்ளவருக்கு அதே கனம் உப்புசமாக மாறும். அப்படிப்பட்டவர்க்குப் பசும்பாலே பொருத்தம். இனிமை, குளிர்ச்சி, மென்மை, நெய்ப்பு எனப் பசும்பாலுக்குப் பத்துக் குணங்களைச் சொல்லும் சரகர், அவையே ஓஜஸின், அதாவது உடலின் உயிர்ச்சாரத்தின், குணங்களும் என்பதால் அது ஓஜஸை வளர்க்கிறது என்கிறார். பாக்கெட் பால் வாங்குபவர்களுக்கு எருமை, பசு என்ற பிரிவு கைக்கு எட்டுவதில்லை. கலந்தே வரும் அந்தப் பாலில் கொழுப்பின் அளவைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க இயலும்: தமிழ்நாட்டில் ஆவினின் ஆரஞ்சு உறையில் 6 சதவீதம், நீல உறையில் 3 சதவீதம். வாதத்தால் உறக்கம் கெட்ட, மெலிந்த உடலினருக்கு முதலாவதும், வயிறு மந்தமானவருக்கு இரண்டாவதும் பொருந்தும்.

செய்முறையில் நுட்பம் அதிகமில்லை. 150 மில்லி லிட்டர் பாலைக் காய்ச்சி, ஓர் ஏலக்காயைத் தட்டிப் போட்டு, வாதம் மிகுந்தவர் என்றால் அரைத் தேக்கரண்டி பசுநெய் விட்டு, இளஞ்சூடாக ஆற்றிப் பருகலாம். பாலையும் நெய்யையும் இடைவிடாமல் பழகுவதே ரசாயனங்களுள், அதாவது உடலுக்கு உரமூட்டிக் காப்பவற்றுள், சிறந்தது என்று சரகரின் அதே 25-ஆம் அத்தியாயம் சொல்வதால், இந்தச் சேர்க்கை வெறும் சுவைக்கானதன்று. இனிப்பு வேண்டுமானால் பனங்கற்கண்டு போதும். தேனைச் சூடான பாலில் விடுவது இப்போது பரவலாகிவிட்டது; சூடுபடுத்திய தேனை ஆயுர்வேதம் கடுமையாக விலக்குகிறது என்பதால், ஆயுர்வேதப் பானம் என்ற பெயரில் அதைச் செய்வது பொருந்தாது.

பாலுக்குரிய வேளையும் முக்கியமானது. மீனையும் பாலையும் சேர்த்து உண்பது சரகருக்கு விருத்த உணவு, அதாவது ஒன்றோடொன்று பொருந்தாத சேர்க்கை. பாலோடு புளிப்பும் அப்படியே. இரவு உணவு மீன் குழம்பாகவோ புளிக்குழம்பாகவோ இருந்து, கைகழுவிய சூட்டோடு பாலைக் குடித்தால், நூலின் ஒரு வாக்கியத்தைப் பின்பற்றி இன்னொன்றை மீறியவராவோம். தயிர்ச் சோற்றோடு இரவு உணவை முடிக்கும் வழக்கம் நமக்கு உண்டு. இரவில் தயிர் உண்ணலாகாது என்பதும் சரகரின் விதிதான். ஆகவே பாலைத் தெரிவு செய்பவர், இரவு உணவை எளிய இட்டிலி, கஞ்சி, பருப்புச் சோறு என்று அமைத்துக்கொண்டு, ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் கழித்துப் பருகுவது நல்லது. அது முடியாத வீட்டுச் சூழலில் பாலைக் கைவிட்டு வேறொன்றைத் தேடுவதே மேல்.

நவீன ஆய்வின் பக்கம் நின்று பார்த்தால் பாலின் சான்று எளியது. பாலில் உள்ள டிரிப்டோபான் என்னும் அமினோ அமிலத்திலிருந்து உறக்கத்தோடு தொடர்புடைய மெலடோனின் உடலில் உருவாகிறது என்பது உண்மை. ஆனால் ஒரு டம்ளர் பாலில் கிடைக்கும் அளவு, உறக்கத்துக்கென ஆய்வுகளில் தரப்படும் ஒரு கிராம் அளவுக்கு வெகு கீழே நிற்கிறது. எனவே அந்த ஒரு சேர்மத்தைக் காட்டிப் பாலைப் புகழ்வது சரியன்று. பசி அடங்குதல், இளஞ்சூடு, நாள்தோறும் அதே வேளையில் அதே செயலைச் செய்வதால் உடலுக்குக் கிடைக்கும் பழக்கம் ஆகியவை சேர்ந்தே வேலை செய்கின்றன என்று கொள்வது நேர்மையானது. பால் குடித்தால் வயிறு பொருமுபவர்கள் நம்மில் பலர். பெரியவர்களான பின் பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுவதே காரணம். அவர்களுக்கு எந்த நூல் சொன்னாலும் இது உரிய பானமன்று.

அடுத்து அமுக்கரா. வடமொழியில் அசுவகந்தா எனப்படும் இந்த வேரை ஆயுர்வேதம் பலம் தருவதாகவும் ரசாயனமாகவும் வாத, கபங்களைத் தணிப்பதாகவும் கொள்கிறது. சித்த மருத்துவத்தில் அமுக்கராச் சூரணம் நெடுங்காலமாக வழக்கில் இருப்பதால் தமிழருக்கு இது புதிய சரக்கன்று. மேலே கண்ட பிரிவில் இது தாதுத் தேய்வுக்கும் வாதத்துக்கும் உரியது. உழைத்துக் களைத்தும் உறங்க இயலாதவர், மெலிந்து பலம் குன்றியவர் ஆகியோருக்கு வெறும் பாலைவிட இது ஒரு படி மேலாகலாம். பித்தம் மிகுந்தவருக்கு இதன் உஷ்ண வீரியம் ஏற்காமல் போகலாம். கடையில் வாங்கிய பொடியைச் சூடான பாலில் கலக்கிக் குடிப்பதுதான் இன்றைய வழக்கம். சார்ங்கதர சம்ஹிதை கூறும் பாற்கஷாய முறை வேறு: சரக்கு ஒரு பங்கு, பால் எட்டுப் பங்கு, தண்ணீர் பாலைப் போல் நான்கு மடங்கு, தண்ணீர் வற்றிப் பால் மட்டும் மிஞ்சும் வரை சிறுதீயில் காய்ச்ச வேண்டும். 5 கிராம் வேர்ப்பொடிக்கு 40 மில்லி லிட்டர் பால், 160 மில்லி லிட்டர் தண்ணீர். இறுதியில் கிடைப்பது 40 மில்லி லிட்டர்தான். கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் வேலை என்றாலும், மாச்சத்து நிறைந்த இந்த வேர் நன்கு வெந்து இறங்குவதால் வயிற்றில் கனமாக நிற்பது குறைகிறது. அளவும் சிறிது என்பதால், இரவில் சிறுநீருக்காக எழ வேண்டியிருக்குமே என்று அஞ்சும் முதியவருக்கு இது மிகவும் உகந்தது. நான் இந்த முறையையே பரிந்துரைப்பேன்.

மூலிகைகளுள் ஆய்வுச் சான்று ஓரளவேனும் உள்ளது இதற்குத்தான். 2021-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 5 ஆய்வுகளில் பங்கேற்ற 400 பேரின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து, உறக்கத்தில் சிறியதாயினும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருப்பதாகக் கண்டது. நாளொன்றுக்கு 600 மில்லிகிராமோ அதற்கு மேலோ, எட்டு வாரமோ அதற்கு மேலோ எடுத்தவர்களிடம் பலன் தெளிவாகத் தெரிந்தது. அவை செறிவூட்டிய சாற்று மாத்திரைகள் என்பதையும், வீட்டில் காய்ச்சும் வேர்ப்பொடிக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த இயலாது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். இன்று குடித்து இன்றே உறங்குவதற்கான பானமன்று இது. எச்சரிக்கைகளும் உள்ளன. தைராய்டு ஹார்மோன் அளவை இது உயர்த்தக்கூடும். கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டவர்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் உண்டு. கருவுற்றவர்கள் தவிர்க்க வேண்டும். உறக்க மாத்திரை, சர்க்கரை நோய் மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து ஆகியவற்றோடு சேரும்போது மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. டென்மார்க் அரசு 2023-இல் உணவுத் துணைப்பொருள்களில் இதைத் தடை செய்ததும் இத்தகைய அச்சங்களால்தான். மரபு பயன்படுத்தியது வேரை. இலை கலந்த பொடிகள் சந்தையில் இருப்பதால், உறையில் வேர் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அவசியம்.

இந்த இரண்டுக்கும் கிடைக்கும் புகழில் நூறில் ஒரு பங்குகூடக் கிடைக்காத ஒரு பானத்தை இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். உறக்கம் கெட்டவருக்கான சிகிச்சையைக் கூறும் அதே இடத்தில் சுசுருதர், திராட்சை, சர்க்கரை, கரும்பிலிருந்து செய்த பொருள்கள் ஆகியவற்றை இரவில் பயன்படுத்தச் சொல்கிறார். வேளையைக் குறிப்பிட்டு, இரவில் என்றே சொல்லும் இந்த வரி, மாலைப் பானத்தைத் தேடுபவருக்கு மிகப் பொருத்தமானது. திராட்சையைச் சரகர், தாகத்தையும் உடல் எரிச்சலையும் தணித்து வாத, பித்தங்களை அடக்குவது என்கிறார். பித்தத்தால் நடு இரவில் விழிப்பவருக்கும், மலச்சிக்கலோடு புரளும் வாத உடலினருக்கும் ஒருசேர உதவும் பானம் வேறு எளிதில் கிடைப்பதில்லை. பால் ஒவ்வாதவரும் இதைப் பருகலாம். விதையுள்ள கறுப்பு உலர்திராட்சை 20 கிராம் எடுத்து, நன்கு கழுவி, 150 மில்லி லிட்டர் வெந்நீரில் பிற்பகலிலேயே ஊறவைத்து, மாலையில் கையால் பிசைந்து வடிகட்டினால் போதும். வேறு இனிப்பு எதுவும் வேண்டியதில்லை. பொன்னிறமாக விற்கும் உலர்திராட்சை கந்தக வாயுவால் பதப்படுத்தப்படுவது என்பதால், ஆஸ்துமா உள்ளவர்கள் கறுப்பையே வாங்க வேண்டும். குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று: உலர்திராட்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தத் தெரிவு இல்லை.

இதே திராட்சையைத் தலைமையாகக் கொண்ட திராட்சாதிக் கஷாயம் அஷ்டாங்க ஹிருதயத்தில் சுரத்துக்கான (காய்ச்சலுக்கான) சிகிச்சையில் வருகிறது. திராட்சை, இலுப்பைப் பூ, அதிமதுரம், நன்னாரி, சந்தனம், வெட்டிவேர், தாமரைத் தண்டு முதலியவற்றை வெந்நீரிலோ குளிர்ந்த நீரிலோ ஊறவைத்து, மல்லிகை இனப் பூவின் மணமேற்றி, தேன், சர்க்கரை, நெற்பொரி சேர்த்துக் கொடுக்கும்படி வாக்படர் சொல்கிறார். சுரம், மதுவினால் வந்த கேடு, எரிச்சல், சோர்வு, தலைசுற்றல் ஆகியவற்றுக்கு உரிய அந்த அழகிய ஊறல்நீர், இன்று கேரளத்து மருந்துச்சாலைகளில் புட்டியில் அடைத்த கஷாயமாகக் கிடைக்கிறது. பித்தம் மிகுந்து உறங்காதவருக்கு வைத்தியர்கள் இதை எழுதித் தருவதுண்டு. அப்படி எழுதித் தந்தால் பருகலாம், தாமாக வாங்கி நாள்தோறும் குடிக்கும் பானமாக ஆக்கிக்கொள்வதற்கு உரியதன்று.

பாலும் வேண்டாம், இனிப்பும் வேண்டாம் என்பவருக்கு எஞ்சுவது காய்ச்சிய நீர்கள். கேரளத்தில் வீட்டிலும் உணவகத்திலும் சீரகம், பதிமுகம், கருங்காலி முதலியவற்றை இட்டுக் கொதிக்கவைத்த வெதுவெதுப்பான நீரையே குடிநீராக வைக்கும் வழக்கம் இன்றும் உயிரோடு இருக்கிறது. இவற்றுள் எதையும் நூல்கள் உறக்கம் தருவதாகச் சொல்லவில்லை. இவை தாகத்துக்கும் சீரணத்துக்கும் உரியவை. ஆனால் நேரம் கடந்து உண்டு, பாரத்தோடு படுக்கும் அந்த நகரவாசிக்கு வேண்டியது சீரணம்தான். ஒரு தேக்கரண்டி சீரகமும் அரைத் தேக்கரண்டி தனியாவும் தட்டிப் போட்டு ஒன்றரை டம்ளர் நீரை ஒரு டம்ளராக வற்றவைத்து, சிறிது சிறிதாகப் பருகினால் அவருக்கு அமுக்கராப் பாலைவிட நல்ல இரவு அமையும். இரவின் முற்பகுதி கபத்தின் வேளை என்பது அஷ்டாங்க ஹிருதயத்தின் கணக்கு. அந்த வேளையில் நிறைந்த வயிற்றின் மேல் கனமான பாலை ஊற்றுவது மந்தத்தை மேலும் கூட்டும். உடல் சூட்டால் தவிப்பவருக்கு வெட்டிவேர் ஊறிய மண்பானைத் தண்ணீர் அதே இடத்தில் நிற்கும். சுக்கு நீர் சளிக்கும் மந்தத்துக்கும் நல்லது, பித்தக்காரருக்கு இரவில் வேண்டாம். வெளியில் வாங்கும் சுக்குக் காப்பியில் காப்பித்தூளே சேர்ந்திருக்கலாம் என்பதால் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும்.

ஜாதிக்காயும் கசகசாவும் நம் வீடுகளில் நெடுநாள் பழக்கம் உள்ளவை, அந்தப் பழக்கமே அளவை மறக்கச் செய்கிறது. ஜாதிக்காயைக் கல்லில் இரண்டு இழைப்பு இழைத்துப் பாலில் சேர்ப்பது மரபு. ஏறத்தாழ 5 கிராம், அதாவது ஒரு முழுக் காயின் அளவுக்குப் போனால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, இல்லாதவை தோன்றுதல் வரை கொண்டுவிடும் நஞ்சாக அது மாறுகிறது. உறக்கம் வரவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போகும் மனநிலையில் இருப்பவர் இதைத் தொடாதிருப்பதே நல்லது. குழந்தைகளுக்கு உறங்கவைப்பதற்காகக் கொடுக்கவே கூடாது. கசகசா, அபினி எடுக்கும் அதே செடியின் விதை. விதையில் போதைப்பொருள் மிகச் சிறிதே ஒட்டியிருக்கும், அதுவும் கழுவும்போது குறையும் என்றாலும், சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். அங்கே வேலைக்குச் செல்லும் பிள்ளைக்கு உறக்கத்துக்கென்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுக்கும் அன்பு பெரிய இன்னலில் முடியக்கூடும்.

மஞ்சள் பாலைப் பற்றி நீளமாகச் சொல்ல ஏதுமில்லை. மஞ்சள் உஷ்ணமானது, வறட்சியைத் தருவது, கபத்துக்கும் தொண்டைக்கும் தோலுக்கும் உரியது. ஆயுஷ் அமைச்சகம் 2020-இல் 150 மில்லி லிட்டர் சூடான பாலில் அரைத் தேக்கரண்டி மஞ்சள் சேர்த்துப் பருகச் சொன்னதும் நோய் எதிர்ப்பாற்றலுக்காகவே. சளி பிடித்த இரவில் அது நல்ல உறக்கத்தைத் தருகிறதென்றால் மூக்கடைப்பும் இருமலும் தணிந்ததே காரணமாக இருக்கும். சளி இல்லாதவருக்கு மஞ்சள் சேராத பாலே சிறந்த உறக்கப் பானம்.

சடாமாஞ்சில் மனக் கலக்கத்துக்கும் உறக்கமின்மைக்கும் ஆயுர்வேதம் மதிக்கும் உயர்ந்த சரக்கு என்பதில் ஐயமில்லை. கைப்பும் கடுமணமும் உள்ள இந்த வேரை வெந்நீரில் ஊறவைத்து வடித்துக் கொடுப்பார்கள். ஆயினும் இதை வீட்டுப் பானமாகத் தெரிவு செய்ய வேண்டாம் என்பேன். இமயத்தின் உயர்ந்த சரிவுகளில் மட்டுமே வளரும் இந்தச் செடி, வேரோடு பிடுங்கப்படுவதால், அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலகச் சிவப்புப் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறது. பாலும் திராட்சையும் போதுமான ஓர் உறக்கக் குறைக்கு அதைச் செலவிடுவது நியாயமாகாது. மெய்யாகவே தேவைப்படும் நோயாளிக்கு வைத்தியர் கையில் அது மிச்சமிருக்க வேண்டும். வல்லாரையும் அதிமதுரமும் சரகரின் நான்கு மேத்திய ரசாயனங்களில் இடம்பெற்றவை. புத்தியைக் கூர்மையாக்கச் சொல்லப்பட்டவை, உறக்கத்துக்கென்று அல்ல. அதிமதுரத்தை நாள்தோறும் பாலில் சேர்த்தால் இரத்த அழுத்தம் உயரவும் பொட்டாசியம் குறையவும் வாய்ப்புண்டு. சர்ப்பகந்தா சேர்ந்த உறக்கப் பொடிகளை மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. அதன் வேரிலிருந்து 1952-இல் பிரித்தெடுக்கப்பட்ட ரிசர்ப்பின், இரத்த அழுத்தத்தை இறக்குவதோடு மனச்சோர்வையும் உண்டாக்கவல்லது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒருவர் முடிவெடுக்க வேண்டுமானால், நான் சொல்லும் வரிசை இது. இரவு உணவு எட்டு மணிக்கு மேல் தள்ளிப்போகும் வீட்டில் இருப்பவர் சீரக நீரோடு நிறுத்திக்கொள்ளட்டும். உணவை முன்னுக்குக் கொண்டுவந்த பிறகு மற்றதைப் பார்க்கலாம். முன்னிரவில் உண்டு, பால் செரிப்பவர், நெய் சேர்த்த வெறும் பாலில் தொடங்குவது முறை. சூட்டோடு விழிப்பவரும் பால் ஏற்காதவரும், நீரிழிவு இல்லையெனில், திராட்சை ஊறலுக்குச் செல்லலாம். பாலை மூன்று, நான்கு வாரம் முறையாகப் பருகியும் களைப்பும் மெலிவும் தீராதவருக்கே அமுக்கராப் பாற்கஷாயம், அதுவும் தைராய்டு, கல்லீரல் குறித்த ஐயங்களை மருத்துவரிடம் தீர்த்துக்கொண்ட பின், இரண்டு மூன்று மாத எல்லைக்குள். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். பாலில் அமுக்கராவும் ஜாதிக்காயும் மஞ்சளும் கசகசாவும் ஒன்றாகக் கலந்த கடைப் பொடிகளில், எது உதவியது, எது கெடுத்தது என்று அறிய வழியே இல்லை.

பானத்தோடு சேர்த்து உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்வதை வாத உடலினருக்கு வலியுறுத்திச் சொல்வேன். எண்ணெய் தேய்ப்பதன் பலன்களில் உறக்கத்தையும் ஒன்றாக வைக்கும் வாக்படர், தலை, காது, பாதம் ஆகிய இடங்களில் அதைச் சிறப்பாகச் செய்யச் சொல்கிறார். வாரத்தில் மூன்று இரவுகளுக்கு மேல், மூன்று மாதத்துக்கு மேல் உறக்கம் கெட்டிருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த நிலைக்கு எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் உளவியல் சிகிச்சையே இன்று முதல் சிகிச்சையாகக் கருதப்படுகிறது. உரக்கக் குறட்டைவிட்டு, இடையில் மூச்சு நின்று திணறி எழுபவரின் குறை மூச்சுப் பாதையில் இருக்கிறது. அவர் எட்டு மணி நேரம் படுத்திருந்தும் பகலில் தூங்கி விழுவதைப் பார்த்து வீட்டார் இன்னும் கொஞ்சம் அமுக்கராவைக் கூட்டிக் கொடுப்பதை விட்டு, உறக்கப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.